கூடங்குளத்தில் குளிர் கண்டவர்

கூடங்குளத்தில் விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லை. 1000 மெகாவாட் உலைகளையே கட்டி மேய்க்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் குளிர் இருக்கிறது என்று கண்டுபிடித்த பெருமை, எங்கள் கதவு, அலமாரி வேலையை மொத்தமாக எடுத்துச் செய்த அண்ணாச்சியைத்தான் சேரும். தை பிறந்ததும் கதவுச் சட்டம் கழுந்தை விட்டு விலகியது. ஆள் அனுப்பினோம். வந்தார், தடவிப் பார்த்தார். "பனி அண்ணாச்சி. பனியில பசை எங்க பிடிக்கும்?" என்றார். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் கடலோரம் அது. ஊரே மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்க, அவர் ஒருவருக்கு மட்டும் நடுக்கம் கண்டிருக்கிறது.

அவர் சொன்னதில் சாஸ்திரம் இல்லாமல் இல்லை. வெள்ளைப் பசையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை மரம் குடித்தபின், மிஞ்சிய பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து தோலாக வேண்டும். வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் பல பசைகளில் துகள்கள் சேராது. சுண்ணாம்புத் தூள்போல் வெளுத்து உதிரும். அந்தக் குளிர் ஊட்டியில் கிடைக்கும், மாஸ்கோவில் தாராளமாகக் கிடைக்கும். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட ஒப்பந்தத்தில் உலைகள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். குளிரையும் இனாமாகச் சேர்த்துத் தந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

பிரிந்த கழுந்தில் அந்த வெள்ளைத் தூளைத் தேடினேன். ஒரு பொட்டு இல்லை. பசையே அவ்வளவாக இல்லை. எங்கள் செலவைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றி நீட்டியிருக்கிறார், என்ன அக்கறை! மரமும் அப்படித்தான். ஈரம் 12 சதவீதத்துக்கு வரும்வரை உலரவிட்டு வாடவைக்க மனம் வராமல், அறுத்த பச்சை வேம்பையே கதவாக்கிவிட்டார். ஏற்கெனவே வயிறு நிறைந்த மரம் பசைத் தண்ணீரை எங்கே குடிக்கும்? பிறகு அது காயக் காயக் கழுந்து சுருங்கித் துளையில் ஆடியது. இறுக்கிய கிளாம்பையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கழற்றிவிட்டார். அடுத்த வீட்டில் அதற்கு வேலை இருந்தது. ஒரே கிளாம்பில் நான்கு வீட்டைக் காப்பாற்றும் கை அது.

பாலிஷ் விஷயத்தில் மட்டும் அவரைக் கையெடுத்தே கும்பிட வேண்டும். அங்கே குளிர் நிஜம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசும்போது ஸ்பிரிட் ஆவியாகப் பறக்கும். பறக்கும்போது மரத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மேற்பரப்பு சட்டென்று குளிர, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனித்துப் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தேன் நிறத்தில் மின்ன வேண்டிய அலமாரி பால் ஆடை போர்த்து நிற்கும். வறண்ட நண்பகலாகப் பார்த்து, மெல்லிசாகப் பூசி, ஒரு கை காய்ந்தபின் மறு கை போடுவது சாதாரண ஆட்கள் செய்கிற வேலை. இவர் ஐப்பசித் தூறலில், விளக்கு வைக்கும் நேரத்தில், மூன்று கையையும் ஒரே மூச்சில் முடித்தார். இல்லாத குளிரை டின்னிலிருந்தே வரவழைத்துக் காட்டினாரே!

பழைய ஆசாரிகளுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. ஆறினால் கெட்டியாகிவிடும் வஜ்ரப் பசையைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்துக் காய்ச்சிக்கொண்டு, கழுந்தையும் அனலில் காட்டிச் சூடேற்றி, ஆறுமுன் அடித்து இறக்குவார்கள். குளிருக்கு நிஜமாகவே பயப்பட்ட மனிதர்கள்; அதன்மேல் பழிபோடத் தெரியாத அப்பாவிகள். செய்த கதவு அப்படியே நின்றுவிடுவதால், மறுபடி கூப்பிட்டு ஒரு காப்பி கொடுக்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

நம் அண்ணாச்சி சித்திரையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது வெயில் இருக்கிறது, கைகொடுக்கும். பாக்கிப் பணத்தை மட்டும் அந்தக் கடும்பனியிலேயே எண்ணி வாங்கிக்கொண்டார். நோட்டு விரலில் நன்றாகவே ஒட்டியது.