கூச்ச சுபாவி போன ஊர்வலம்

லண்டன்,
21-3-2003

பெருமதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு நமஸ்காரம். இங்கு க்ஷேமம். அங்கே தங்கள் முழங்கால் வலியும், அதன் பொருட்டுச் சித்திக்கு வரும் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைக்காவிட்டால் பட்டினியாகவே ஆவடிக்குத் திரும்பிவிடும் பிள்ளை என்று தாங்கள் ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிவந்தது வாஸ்தவம்தான். அந்தப் பிள்ளை, சென்ற பிப்ரவரி 15-ஆம் தேதி சனிக்கிழமையன்று, ஈராக்கின்மீது யுத்தம் கூடாதென்று லண்டன் வீதிகளில் நடந்த மகா ஊர்வலத்தில், ஒருவரும் இழுக்காமல் தானாகவே போய்க் கலந்துகொண்டான் என்றால், நான் சத்தியம் செய்தாலும் சித்தி நம்பமாட்டார்கள்.

தேம்ஸ் நதிக்கரையிலிருந்து ஒரு வெள்ளமும், கவர் வீதியிலிருந்து இன்னொரு வெள்ளமுமாகப் புறப்பட்டு, பிக்கடிலியில் சங்கமித்து, ஹைட் பார்க் என்னும் பெரிய பூங்காவில் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. அவ்வளவு ஜனங்கள் மிதித்தால் பூங்காவின் புல் பாழாகிவிடுமே என்று கவலைப்பட்ட அமைச்சர் ஒருவர் முதலில் இடம் தர மறுத்து, பிறகு இணங்கினார். பாக்தாத்தின் புல்லுக்கும் அப்படி ஒரு அமைச்சர் வாய்த்திருக்கலாம்.

கூட்டம் எனக்குப் புதிதன்று. ஆவடியில் ஏறி, அம்பத்தூரில் ஏறுகிறவர்களின் முழங்கைகளை விலாவில் ஏந்திக்கொண்டு, சென்ட்ரல் வரையில் மின்சார ரயிலில் வருஷக்கணக்காக நின்று பிரயாணம் செய்தவன் நான். ஆனால் அந்த ரயிலில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. இங்கோ வாய்திறந்து கோஷம் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் கையாண்ட பழைய வித்தையை நினைவுகூர்ந்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தேன்.

அப்போது ஓர் இளம்பெண் அட்டை ஒன்றை என் கையில் திணித்தாள். பிரதமர் பிளேர் கையில் துப்பாக்கியும் தலையில் கவிழ்த்த தேநீர்க் கோப்பையுமாக நிற்கும் படம்; போரை விட்டுத் தேநீர் போடுங்கள் என்பது அதன் கருத்து. வேண்டாம் என்று சொல்வதற்காகவே கூடிய ஊர்வலத்தில், அந்த அட்டையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையுறை கொண்டுபோகாத பாவத்திற்கு, அதைத் தூக்கிப் பிடித்த விரல்கள் பத்தும் மரத்துப்போயின.

பக்கத்தில் நடந்துவந்த மூதாட்டி ஒருவர், எந்த ஊர் என்று விசாரித்தார். சென்னைக்கு மேற்கே ஆவடி என்றேன். அங்கே என்ன விசேஷம் என்றார். சித்தப்பா, தாங்கள் முப்பது வருஷம் உழைத்து, விஜயந்தா டாங்கிகளுக்கு உருக்கொடுத்த சம்பளத்தில் படித்து வளர்ந்தவன் வேறென்ன சொல்வது? "கனரக வாகனங்கள் செய்கிறார்கள்" என்றேன். "லாரிகளா?" என்றார். "ஏறக்குறைய" என்றேன். 1965 முதல் ஆவடியில் உருவான அந்த விஜயந்தாவின் அமைப்பே விக்கர்ஸ் என்னும் இங்கிலாந்துக் கம்பெனியுடையதுதானே, அம்மா, என்ற அருமையான பதில், கூச்சக்காரர்களுக்கு எப்போதும் நேர்வதுபோல, இரண்டு மணி நேரம் கழித்துப் பூங்காவில்தான் தோன்றியது. அதற்குள் அந்த அம்மையார் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

மேடையில் நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டரும், அரசியல்வாதி டோனி பென்னும், அமெரிக்கப் பாதிரியார் ஜெஸ்ஸி ஜாக்சனும் பேசினார்கள். நான் நின்ற இடத்துக்கு ஒலிபெருக்கியின் முனகல்தான் வந்தது. கூட்டம் ஏழரை லட்சம் என்றது போலீஸ். இருபது லட்சம் வரை என்றார்கள் நடத்தியவர்கள். இடையில் தொலைந்த பன்னிரண்டரை லட்சம் பேரில் நானும் ஒருவனாக இருப்பேன் என்பது என் ஊகம். யார் கணக்கிலும் அகப்படாமல் இருப்பதில் எனக்குச் சிறுவயது முதலே நல்ல தேர்ச்சி உண்டு.

அப்படியும் நேற்று யுத்தம் ஆரம்பித்துவிட்டது. நாளை சனிக்கிழமை மறுபடியும் ஊர்வலம் என்கிறார்கள். அட்டை என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, கையுறையும் வாங்கிவிட்டேன். லாரி விஷயத்தை மட்டும் தங்கள் தொழிற்சாலை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்