பில்டருக்கும் குடி கேளு மருமகனே

மருமகனே, மோட்டார் சைக்கிள் எண்டா ஒண்ட மோட்டார் சைக்கிள்தான். டேங்கில "மாஷா அல்லாஹ்", பின்னுக்கு "உம்மாட துஆ", முன்னுக்குச் சிவப்பும் நீலமுமா மின்னுற லைட். சைலன்சர் சத்தத்துக்குக் கடற்கரைப் பள்ளிப் பக்கம் இரிந்த காகமெல்லாம் காரைதீவுக்குக் குடிபோயிட்டு. அவ்வளவு காசு கொட்டின நீ, ஒயில் மாத்தக்குள்ள மட்டும் பார்ட்ஸ் கடையில நிண்டு, "காக்கா, பல்சருக்கு ஏதாச்சும் ஒரு பில்டர் தாங்க, விலை கொறஞ்சதாப் பாத்து" எண்டு கேக்காய். ஏதாச்சும் ஒண்டு எண்டு கேட்டு வெத்திலை கூட வாங்க ஏலாது மனே.

ஒனக்குப் பெண் பேசப் போகக்குள்ள ஒண்ட பெரியம்மா முதல் என்ன கேட்டா? பெண்ட நிறத்தையா, வீட்டுட கூரையையா? "நீங்க என்ன குடி?" எண்டுதானே கேட்டா. கிழக்கில நாம தாய் வழியால வார குடியப் பாத்துத்தான் கை நனைக்கிற. ரெண்டு பக்கமும் ஒரே குடியெண்டா, வட்டிலப்பம் மேசைக்கு வந்திரிந்தாலும் எழும்பி வந்திடுவம். பில்டருக்கும் ஒரு குடி இரிக்கி. பெட்டியில அடிச்சிரிக்கிற பார்ட் நம்பர்தான் அது. கலியாணத்தில ஒரே குடி ஆகாது, பில்டரில ஒரே குடிதான் ஆகும், வித்தியாசம் அவ்வளவுதான். நீ என்னெண்டா குடியும் கேக்காம, ஊரும் கேக்காம, "பாக்க ஒரே மாதிரி இரிக்கி" எண்டு கட்டிக் குடுத்திட்டு வாறாய்.

சரி, அதுக்கும் முந்தி ஒரு கேள்வி. பைக்கில பில்டர் இரிக்கா? சிரிக்காத. நம்மட ஊருப் பொடியன் ஒருத்தன் ஸ்ப்ளெண்டருக்கு ஒயில் பில்டர் தேடி மருதமுனையில தொடங்கினவன், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் எண்டு வழி நெடுக இறங்கி இறங்கிக் கேட்டு அக்கரைப்பற்று வரைக்கும் போயிட்டான். கடைசியா ஒரு கடையில கையில ஒண்டக் குடுத்தாங்க. வெற்றியோட கொண்டு வந்து கராஜில நீட்டினா, அது காத்து பில்டர். ஒயில் பில்டர் தேடினதில ரெண்டு லீற்றர் பெற்றோல் போச்சு. 2022ல கியூஆர் காட்டி ஒரு கிழமைக்கு நாலு லீற்றர் வாங்கின காலத்தில தேடியிரிந்தா, பொடியன் ஒலுவிலிலயே நடக்கத் தொடங்கியிரிப்பான்.

ஸ்ப்ளெண்டரில கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுற தாள் பில்டர் கிடையாது. 1958ல ஹொண்டாக்காரன் சூப்பர் கப் எண்டு ஒரு சின்ன பைக் விட்டானே, அந்தப் பரம்பரைதான் நம்மட தபால்கார எம்.டி. 90, ஸ்ப்ளெண்டர் எல்லாம். இதுகள்ள ரெண்டு காவல் இரிக்கி. ஒண்டு கம்பி வலை, ஸ்ட்ரெய்னர் எண்டு சொல்ற. பெரிய கசடு பம்புக்குள்ள போகாமத் தடுக்கிறது அதுட வேலை. மத்தது கிராங்கோட சேந்து சுத்துற ஒரு வட்டக் கோப்பை. ஒயில் அதுக்குள்ள போய் வேகமாச் சுத்தக்குள்ள, பாரமான இரும்புத் தூளெல்லாம் ஓரத்துக்கு எறிபட்டுச் சுவரில களியாப் படிஞ்சிடும், தெளிஞ்ச ஒயில் நடுவால போகும். தாளும் இல்ல, மாத்துற செலவும் இல்ல. ஆனா 12,000 கிலோமீற்றர் அளவில மூடியக் கழட்டிக் கழுவணும். "எனக்கு பில்டர் செலவே இல்ல" எண்டு பெருமை பேசுற ஸ்ப்ளெண்டர்காரனெல்லாம் அந்தக் கோப்பையை ஒரு நாளும் திறந்திரிக்க மாட்டான். நீ திறந்து பாரு, ஒரு விரல் களி வரும். டியோ ஓட்டுற ஒண்ட பெண்டாட்டிட்டயும் சொல்லு, அதிலயும் வலைதான்.

இப்ப ஒண்ட பல்சருக்கு வாறன். பல்சர், அப்பாச்சி, எஃப்.இசட். இந்த மாதிரிப் பைக்குகள்ள மூடிக்குள்ள தாள் பில்டர் இரிக்கி. எஞ்சின் ஒயில எப்பிடி வடிக்கிற எண்டு அமெரிக்காவில 1923ல ஸ்வீட்லண்ட் எண்டு ஒரு மனிசன் பில்டர் செஞ்சு வழி காட்டினார். நூறு வருசத்துக்குப் புறகு, நீ அந்த மனிசன்ட மூளையை வெளிவிட்டத்தால மட்டும் அளக்காய். பழைய பில்டரையும் புதுசையும் பக்கத்தில வச்சு, "காக்கா, அளவு சரி" எண்டு காசக் குடுத்திட்டு வாறாய். அளவு எண்டா எத்தினை அளவு? வெளிவிட்டம் ஒண்டு, உயரம் ஒண்டு, நடு ஓட்டை ஒண்டு. உயரம் ஒரு நூல் கொறஞ்சா, ஒயில் தாளுக்குள்ளால போகாது, மேலயோ கீழயோ இடுக்கால நழுவிப் போயிடும். அதுக்கு வடிக்கிறவன் எதுக்கு? உயரம் கூடினா மூடி பொருந்தாது. நீ விடுவியா? பொறுமை இல்லாத ஆள், போல்ட்ட இறுக்குவாய். அலுமினியப் புரி பிய்ஞ்சு போகும். மறுகா கராஜுக்குத் தள்ளிட்டுப் போகக்குள்ள அந்தச் சிவப்பு நீல லைட்டையும் எரிய விடு, ஊரு பாக்கட்டும்.

நடு ஓட்டை பெரிசெண்டா இன்னும் மோசம். வெளியால ஒரு சொட்டும் ஒழுகாது, ஒண்டும் தெரியாது. வடிக்காத ஒயில் எஞ்சினுக்குள்ள சுத்திக்கொண்டே இரிக்கும், நீயும் பில்டர் மாத்தின சந்தோசத்தில சுத்திக்கொண்டே இரிப்பாய்.

பல்சர் எண்டு பேரு ஒண்டுதான், பிள்ளைகள் கனக்க. கடையில பேரை மட்டும் சொல்லாம சி.சி. சொல்லு, வருசம் சொல்லு, ஏலுமெண்டா கையேட்டுல உள்ள நம்பரைப் போனில படம் பிடிச்சுக் கொண்டு போ. டிக்டொக்குக்குப் பிடிக்கிற படத்தில ஒண்டு கொறஞ்சா ஊரு அழாது.

போடுற பக்கம் இன்னொரு சங்கதி. தாள் பில்டருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் இரிக்கி. சில ஹொண்டா பில்டரில "அவுட்-சைட்" எண்டு எழுதியே விட்டிரிக்காங்க, அந்த எழுத்து ஒண்ட முகத்தைப் பாக்கணும். புரட்டிப் போட்டா ஒயில் போற வழி அடைபடும், எஞ்சின் வரண்டு இறுகிப் பிடிக்கும். ஸ்பிரிங் இரிந்தா அது எந்தப் பக்கம் கிடந்தது எண்டு கழட்டக்குள்ளயே பாத்து வை. கழட்டின புறகு, "எப்பிடி இரிந்தது?" எண்டு என்னைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ற, நான் அதுக்குள்ள குடியிரிந்தவனா? மூடிக்குள்ள கிடக்கிற ஓரிங்கையும் புதுசா மாத்து. சின்னச் சாமான், பழசு தட்டையாகிப் போயிரிக்கும். அதில மிச்சம் பிடிச்ச காசு ஒண்ட சாரத்திலதான் ஒயிலா ஒழுகும்.

ஜப்பானிலரிந்து வந்த பழைய 250, 400 வச்சிரிக்கிற பெரிய மனிசருக்கும் ஒரு சொல்லு. அதுகள்ள கனக்கதுக்கு வெளியால திருகிப் போடுற தகர டப்பா பில்டர். ஜப்பான் மோட்டார் சைக்கிளுக்குப் பொதுவா 20 மில்லிமீற்றர் தண்டு, புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர். கனக்க காருக்கு முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. கணக்குப் போட்டா அந்தப் புரி 1.5875 மில்லிமீற்றர், தண்டு 19.05. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், இரும்புக்கு ஒண்டில்ல. சரி, புரி சரியாகவே பொருந்திச்சு எண்டு வையி. அப்பயும் உள்ளுக்க ஒரு வால்வு இரிக்கி. தாள் அடைபட்டா எஞ்சின் பட்டினி கிடக்கக் கூடாதெண்டு, ஒரு அழுத்தம் வந்தோடன அது திறந்து வடிக்காத ஒயிலையாச்சும் விடும். எந்த அழுத்தத்தில திறக்கும் எண்டது எஞ்சினுக்கு எஞ்சின் வேற. காருக்குச் செஞ்ச வால்வு ஒண்ட பைக்கில நேரத்துக்கு முந்தித் திறந்தா, நீ பில்டர் இல்லாமத்தான் ஓடுறாய். அதைக் கடைக்காரரும் காண மாட்டார், நீயும் காண மாட்டாய். திருகக்குள்ள ரப்பர் வளையத்தில கொஞ்சம் ஒயில் பூசி, வளையம் முட்டின புறகு கையால முக்கால் சுத்து. ஸ்பெனர் போட்டு இறுக்கிறவன் அடுத்த தடவை கழட்டக்குள்ள ஸ்க்ரூ டிரைவரால குத்தி டப்பாவக் கிழிப்பான், அந்தப் பாவத்தையும் நான் பாத்திரிக்கன்.

ஒயிலைப் பத்தி நீளமாச் சொல்லல்ல. கியர் பைக்கில எஞ்சின், கியர், கிளச் மூணும் ஒரே ஒயிலில குளிக்கிற. அதால போத்தலில ஜாசோ எம்.ஏ. எண்டு இரிக்கணும். ஸ்கூட்டருக்கு எம்.பி. கார் ஒயில் மிச்சம் கிடக்கெண்டு மச்சான் தருவான், வாங்காத. கிளச் வழுக்கும், நீ எஞ்சினைக் குத்தம் சொல்லுவாய்.

எப்ப மாத்துற எண்டு கேக்காய். கிலோமீற்றர் ஓடல்லயே எண்டு தள்ளிப் போடுறது நம்மட ஊருட பழக்கம். வீட்டிலரிந்து பள்ளிக்கு, பள்ளியிலரிந்து சந்தைக்கு, சந்தையிலரிந்து மாமி வீட்டுக்கு. எஞ்சின் சூடாக முந்தி நிப்பாட்டுறாய், உள்ளுக்க வேர்க்கிற தண்ணி ஆவியாகிப் போக நேரம் கிடைக்கிறல்ல. அதால மாசக் கணக்கையும் பாரு. சம்மாந்துறையில வெள்ளாமை வெட்டக்குள்ள வயல் வழியா ஓடினா காத்து பில்டரையும் திறந்து தட்டு, உள்ள போற தூசிட முதல் வாசல் அதுதானே. மாரியில கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால தண்ணி பாயக்குள்ள வீரம் காட்டிக் கடந்தியா? வீட்டுக்கு வந்து ஒயிலைப் பாரு. பால்த்தேத்தண்ணி நிறமா இரிந்தா கிலோமீற்றர் கணக்கெல்லாம் பாக்காம அண்டைக்கே ஒயிலையும் பில்டரையும் மாத்து. தாள் தண்ணியில ஊறினா வடிக்காது.

விலை கொறஞ்சதைப் பத்தியும் சொல்லிடுறன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டின புறகு, 2025ல திறக்கிற வரைக்கும் பழைய பைக்குட விலை எங்க போய் நிண்டதெண்டு ஒனக்குத் தெரியும், நீதானே கடன் பட்டு வாங்கினாய். அந்த விலைக்கு வாங்கின எஞ்சினுக்குள்ள, பேரில ஒரு எழுத்துப் பிழைச்ச பெட்டியில வந்த பில்டரைப் போடுறாய். பெட்டிய மட்டும் பாக்காத, பில்டரைக் கையில எடு. தாள் மடிப்பு ஒரே இடைவெளியில இரிக்கா, பசை நுனி வரைக்கும் ஒட்டியிரிக்கா, நசுக்கிப் பாத்தா ஓரம் கழறுதா எண்டு பாரு. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும், பெண் பாக்கப் போன இடத்திலயும் ஒன்ன அப்பிடித்தான் முறைச்சாங்க.

எல்லாம் பூட்டின புறகு ரெண்டு நிமிசம் எஞ்சினை ஓட விடு. நிப்பாட்டி, ஒயில் இறங்க விட்டு, பைக்கை நேரா நிப்பாட்டி அளவு பாரு. பில்டர் கொஞ்சம் குடிச்சிரிக்கும், கொறஞ்சதை மட்டும் ஊத்து. மறுகா கழிச்ச ஒயில வேலிக்கம்புக்குப் பூசுறதுக்கு ஒண்ட மாமி ஒரு போத்தல் கேப்பா. குடுக்காத. நம்மட மண் மணல், கிணறு ஆழமில்ல, அது நேரா அங்கதான் இறங்கும். வடிகானிலயும் ஊத்தாத. ஒயில் வந்த போத்தலிலயே அடைச்சு, பழைய பில்டரையும் ஒரு பையில கட்டி கராஜில குடுத்திட்டு வா.