ஐம்பது மீட்டர் தீட்டு

சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தைப் பார்த்தால் எனக்குப் பசிதான் வரும். தீபாவளிப் பலகாரத் தட்டு மாதிரி அவ்வளவு வண்ணம். வணிகத்துக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை, தொழிற்பேட்டைக்கு ஊதா. என்ன செய்வதென்று இன்னும் முடிவாகாத மனையைக்கூடச் சும்மா விடவில்லை, மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள்.

ஊதாவிலும் இரண்டு சாதி உண்டு. 'பி1' சுத்தபத்தமான தொழில். அதன் இரைச்சலுக்கும் வாடைக்கும் 50 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 'பி2' அதற்கும் மேல் தள்ளி வைக்கவேண்டியது. இந்தத் தள்ளிவைப்புக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'தொல்லை இடைவெளி'. நமக்கு வீடும் பள்ளிக்கூடமும் பாலமும் கட்டித்தரும் வெளிநாட்டு ஊழியரின் தங்குவிடுதிக்குப் பெரும்பாலும் இந்த பி2 நிலத்தில்தான் அனுமதி. பட்டறைக்குப் பக்கத்தில், தொல்லையோடு தொல்லையாக.

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு வரைபடமும் வண்ணமும் தேவைப்படவில்லை. ஊர் இங்கே, சேரி அங்கே. காற்று எந்தப் பக்கம் வீசும் என்று பார்த்து வைத்தார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர் நாகரிகமான நாடு. மீட்டர் போட்டு அளந்து வைத்திருக்கிறது.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோடே தொல்லையில் பிறந்த தெரு என்பது இதில் வேடிக்கை. 1822-இல் ராஃபிள்ஸின் ஆணைப்படி ஜாக்சன் போட்ட நகரத் திட்டத்தில் ஆளுக்கொரு கம்பம், அதாவது குடியிருப்பு: சீனருக்கு ஒன்று, அரபியருக்கு ஒன்று, ஆற்றின் மேல்பக்கம் சூலியாக்கள் என்ற தென்னிந்தியருக்கு ஒன்று. அந்தத் தாளில் தேக்கா என்று நாம் சொல்லும் இந்த வட்டாரம் கிடையாது. நகரத்துக்குள் வைக்க முகம் சுளித்த சுண்ணாம்புச் சூளையும் செங்கல் சூளையும் மாட்டுக் கொட்டிலும் இந்தப் பக்கம் வந்தன. அவற்றின் பின்னாலேயே நம் ஆட்கள் வந்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலைச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று சொன்னது அதனால்தான்.

மாடுகளை 1936-இல் வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் மரியாதையோடு. எருமைக்கு இன்றும் இங்கே இரண்டு தெரு: ஆங்கிலத்தில் பஃபலோ ரோடு, மலாயில் கெர்பாவ் ரோடு. மாட்டுக்குத் தனியாக லெம்பு ரோடு. மாட்டு வியாபாரி பெலிலியோஸுக்கும் ஒரு ரோடு. சூளையில் கல் அறுத்தவன் பெயரில் ஒரு சந்தாவது இருக்கிறதா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அவன் கப்பலில் ஏற்றிவந்த ஆயுள்கைதிகள் இஸ்தானாவையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியபோது அவர்களின் சிறை இருந்தது பிராஸ் பாசாவில், ஊர் நடுவில். நன்னடத்தைக்காரர்கள் வெளியே போய்வரவும் விட்டான். கொலைக்குற்றவாளிக்குக் கிடைத்த முகவரி, இன்று ஊரில் நிலத்தை அடகுவைத்து முகவருக்குப் பணம் கட்டி வந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்குச் சுங்கை தெங்காவில் 25,000 படுக்கை, துவாஸில் 16,800 படுக்கை. இரண்டும் நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஓரங்கள்.

1989 ஜூலையில் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவித்தார்கள். கடைவீட்டின் சன்னலை மாற்றக்கூடாது, ஐந்தடிப் பாதையை அடைக்கக்கூடாது, ஓட்டுக்கூரையைத் தொடக்கூடாது. இயன்றவரை தக்கவை, பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார் என்று மூன்று கட்டளை. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஒரு சன்னலாகப் பிறந்திருந்தால் நம்மையும் பழுதுபார்த்திருப்பார்கள்.

இன்னொரு சிராங்கூன் இருக்கிறது. வடக்கே, சிராங்கூன் கார்டன்ஸ். தெருக்களின் பெயர் கென்சிங்டன், சார்ட்வெல், பர்க்லி. 2008-இல் அங்கே காலியாகக் கிடந்த பழைய தொழில்நுட்பப் பள்ளியில் ஆயிரம் ஊழியர்களைத் தங்கவைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. எழுந்த வேகத்தில் மனு வந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு. வீட்டு விலை இறங்கும், திருட்டு வரும், போக்குவரத்து நெரிசல் வரும் என்றார்கள். அந்த வீடுகளுக்கு மாடி எடுத்ததும் குளியலறைக்குக் கல் பதித்ததும் எந்த ஊர்க் கைகள் என்று மனுவில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அரசாங்கம் பின்வாங்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆயிரத்தை 600 ஆக்கியது, இடையில் தடுப்பு வைத்தது, ஊழியர்கள் பேட்டைத் தெருக்களை மிதிக்காமல் வந்துபோகத் தனியாக ஒரு சாலையும் போட்டது. தனிச் சாலை! சாதி பார்த்துத் தனிக் குவளை போட்டுத் தந்த டீக்கடைகளைத் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவனுக்குத் தெரியும். இங்கே தார் போட்டுத் தந்தார்கள்.

அப்புறம் 2013 டிசம்பர் 8. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்தின் சக்கரத்தில் ஒரு தமிழ் ஊழியர் மாண்டார், கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. வாழ்க்கை நிலைமை பற்றிய அதிருப்தி காரணமல்ல, மது ஒரு காரணம் என்றது. பிறகு வரைபடத்தில் புதிதாக ஒரு கோடு: 2015 ஏப்ரல் முதல் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் ஒரு வாய் குடிக்கக்கூடாது. அதே ஞாயிற்றுக்கிழமை கிளார்க் கீ ஆற்றோரத்தில் இரவு பத்தரைவரை அதே டின்னைத் திறக்கலாம். அங்கே அது வாழ்க்கைமுறை, இங்கே அது பொது ஒழுங்குப் பிரச்சினை.

2020-இல் கொவிட் வந்தபோது இந்த வரைபடத்தின் கெட்டிக்காரத்தனம் வெளுத்தது. விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, 47 விழுக்காட்டினருக்கு, தொற்று வந்து போயிருந்ததாக ஆண்டு இறுதியில் கணக்குச் சொன்னார்கள். ஊரிலிருந்து தள்ளிவைத்த மனிதரை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைத்தால் வேறென்ன வரும்? ஊர் திறந்த பிறகும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. 2022 ஜூனில்கூட, ஞாயிறும் பொது விடுமுறையும் தேக்கா மாதிரி நான்கு இடங்களுக்குப் போக 80,000 அனுமதிச் சீட்டு. தேக்காவுக்கு வந்து ஒரு தோசை தின்னச் சீட்டு!

இடமில்லை என்பார்கள். சிறிய தீவு, என்ன செய்வது என்று கையை விரிப்பார்கள். 2013 கணக்குப்படி கோல்ஃப் திடல்களுக்கு மட்டும் சுமார் 1,500 ஹெக்டர் இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டைக் கட்டுகிற ஊழியர் மலேசியராக இல்லாவிட்டால் அதே வீவக வீட்டில் ஓர் அறையைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது. அது இடப்பற்றாக்குறையால் எழுதிய விதி அல்ல.

நம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போகாதீங்க, ஒரே கூட்டம்" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் தமிழர்கள். அந்தக் 'கூட்டம்' என்ற சொல்லை உச்சரிக்கும்போது மூக்கு லேசாகச் சுருங்கும். அதுவும் ஒரு தொல்லை இடைவெளிதான். ஆணையம் அளந்து தந்ததல்ல.

என்னிடம் ஒரு யோசனை உண்டு. புதிதாகக் கட்டும் விடுதியில் ஊழியருக்கு ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்கு 12 பேர் என்பது 2021-இல் வந்த தரம். பழைய விடுதிகள் 2030-க்குள் 3.6 சதுர மீட்டரை எட்டினால் இப்போதைக்குப் போதுமாம். முழுத் தரத்துக்கு 2040 வரை அவகாசம். இந்த ஊரில் ஒரு கார் நிறுத்தக் குறைந்தது 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம் வேண்டும். பெருக்கினால் 11.52 சதுர மீட்டர். ஆகவே ஊழியரைக் கார் என்று பதிவு செய்துவிடலாம். இடம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். வீவக புளோக்குக்குக் கீழேயே கூரையோடு கிடைக்கும். கார் நிறுத்துமிடம் எங்கள் பேட்டைக்கு வேண்டாம் என்று யாரும் மனுக் கொடுப்பதில்லை, போதவில்லை என்றுதான் கொடுக்கிறார்கள்.

ஒரே சிக்கல் சான்றிதழ். காரின் உரிமைச் சான்றிதழுக்குப் பத்து ஆண்டு ஆயுள். ஊழியரின் வேலை அனுமதிச் சீட்டு பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான். பத்து ஆண்டுக்குள் காரின் பதிவை நீக்கினால் கட்டிய பணத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். வேலை அனுமதியை ரத்துசெய்து அனுப்பிவைத்தால், ஊர் முகவருக்கு அழுத பணத்தில் ஒரு வெள்ளிகூடப் பெரும்பாலும் திரும்பாது.