இரகசிய நிலவறைச் சோதனைகளின் சாத்தியப்பாடு: கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகைக் காட்டும் கணினி விளையாட்டுகளில் 1997இல் வெளிவந்த ஃபால்அவுட்டுக்குத் தனி மரியாதை உண்டு. அதன் தலபுராணம் வருமாறு. 2077 அக்டோபர் 23 அன்று உலகம் எரிந்துபோகிறது. அதற்கு முன்பே வால்ட்-டெக் என்னும் கம்பெனி அமெரிக்க மண்ணுக்கடியில் 122 நிலவறைகளைக் கட்டி, உயிர் பிழைக்க வாருங்கள் என்று கூவியிருந்தது. உள்ளே போன பிறகுதான் சங்கதி தெரியும். பெரும்பாலானவை அடைக்கலம் அல்ல, சோதனைச்சாலை. ஒன்றில் கதவு வேண்டுமென்றே சரியாக மூடாது. இன்னொன்றில் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்தல் வைத்துப் பலி கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உலகெங்கும் அறிஞர்கள் இராக்கண் விழித்து வாதிடுகிறார்கள். மண்ணுக்கடியில் பிழைப்பு நடத்திய ஊர் ஒன்றைக் கேட்போமே என்று எவருக்கும் தோன்றவில்லை. இக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரியில் பூட்டு விழுந்தது வரை தோண்டித் தோண்டி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன ஊர். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905இல். தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இலேயே வந்துவிட்டது. மேலே வெள்ளைக்காரர் பங்களா, கீழே பெரும்பாலும் தமிழ் பேசும் உழைப்பாளிகள். சினிமாவில் வந்த கே.ஜி.எஃப். வேறு, அதை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை.

இங்கே நிலவறைச் சோதனை உண்மையாகவே நடந்தது. ஹோமி பாபாவின் யோசனைப்படி 1951இல் பி.வி. ஸ்ரீகண்டன் காஸ்மிக் கதிர்களை அளக்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார். பிறகு பம்பாய் டாடா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் கூட்டுச் சேர்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். மற்ற கதிர்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும்; பக்கவாட்டில் வருவது நியூட்ரினோ என்னும் நுண்துகளின் வேலை என்று சொல்லிவிடலாம். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பிடிபட்ட செய்தி 1965 ஆகஸ்டில் அச்சேறியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இதே வேட்டையில் இருந்த இயற்பியலாளர் ரைனஸ் குழுவின் கட்டுரை அதே மாதம் சற்றுப் பிந்தி வந்தது.

இனி வால்ட்-டெக்கிடம் வருவோம். முதலில் இரகசியம். ஓர் இரும்புத் தகட்டை 2.3 கிலோமீட்டர் கீழே இறக்கக் கேஜ் என்னும் சுரங்கத் தூக்கியை இயக்குபவர், மணியடிப்பவர், டிராலி தள்ளுபவர், பெயர் குறித்துக்கொள்பவர் என்று ஒரு படையே வேண்டும். அத்தனை பேரும் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். சாயங்காலத்துக்குள் சேதி குழாயடிக்கு வந்துவிடும். மாறாக, தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015இல் மத்திய அமைச்சரவை வெளிப்படையாகவே ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் ஏதோ மறைக்கிறார்கள் என்று ஊர் நம்பியது. தமிழ்நாடு அரசும் கடைசியில் முடியாது என்றது. ஒளிக்காததை ஒளித்ததாகச் சந்தேகிக்கும் மக்களை வைத்துக்கொண்டு வால்ட்-டெக் 122 இடங்களில் ஒளித்ததாம்!

அடுத்தது கீழ்ப்படிதல். வால்ட்-டெக் மாந்தர் கொடுத்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கவயலில் 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிய வேண்டும் என்றார்கள். பதில் வேலைநிறுத்தம். விரலை மைப்பெட்டியில் வைக்கவே இவ்வளவு என்றால், பலிக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கணிக்க விசேஷப் புலமை தேவையில்லை.

மூன்றாவது தடை தண்ணீர். புராணக்காரர்களே இதை அறியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 200 ஆண்டுகள் மூடிக் கிடக்க வேண்டிய 13ஆம் நிலவறையில், அந்தக் காலத்தில் பாதிகூட முடியும் முன்பே தண்ணீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிறது. மாற்றுச் சில்லுகள் இருந்த பெட்டி தவறுதலாக 8ஆம் நிலவறைக்குப் போய்விட்டது. முழுப் புராணத்திலும் எனக்குச் சந்தேகமே வராத இடம் இந்த ஸ்டோர் குளறுபடிதான். ஆழம் என்றாலே தண்ணீர் இறைப்பும் காற்றோட்டமும்தான்; ஆராய்ச்சி அதில் ஓசிச் சவாரி.

தங்கவயலே சாட்சி. 1980 வாக்கில் அங்கே இன்னொரு சோதனை தொடங்கியது. புரோட்டான் தானாகச் சாகுமா என்று பார்ப்பது. ஒரு புரோட்டானின் சராசரி ஆயுள் 1க்குப் பின் 31 சுழியம் போட்ட அளவு ஆண்டுகள் இருக்கலாம் என்று அன்றைய கோட்பாடு சொன்னது. அத்தனை காலம் யார் உட்கார்ந்திருப்பது? ஆகவே 140 டன் இரும்புத் தகடுகளை அடுக்கினார்கள். அவ்வளவு கூட்டத்தில் எப்போதாவது ஒன்று செத்துத்தானே ஆக வேண்டும்? செத்திருக்கலாம் என்று சில தடயங்களைக் காட்டவும் செய்தார்கள். ஜப்பான், அமெரிக்கக் கருவிகள் ஆமோதிக்கவில்லை. வால்ட்-டெக்கின் 200 ஆண்டை அற்பமாக்கும் இந்தப் பொறுமை சுமார் பத்தாண்டில் முடிந்தது. தங்கம் கட்டுப்படியாகவில்லை, சுரங்கம் சுருங்கியது, கருவிகளும் மேலே வந்தன. புரோட்டானுக்கு அவசரமில்லை, கணக்குப் பிரிவுக்கு இருந்தது. பிறகு இறைப்பு நின்று ஆழமெல்லாம் தண்ணீர்.

அதுவரை கிடைத்த ஒவ்வொரு பதிவையும் வாசிக்கப் பம்பாயில் ஆள் இருந்தது. வால்ட்-டெக் சோதனையின் முடிவை யார் வாசிப்பது? மேலே எல்லாரும் சாம்பல்.

ஆகவே சாத்தியமில்லை என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் களத்தில் வேறொரு தரவும் இருக்கிறது. பாறையைத் துளைக்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து இறுகும் நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ். இந்தியாவில் அது முதன்முதலாக மருத்துவ ஏட்டில் ஏறியது 1947இல், இதே தங்கவயலிலிருந்து. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை அந்தத் தூசியைச் சுவாசித்துவிட்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. ஷிப்டு முடிந்ததும் சங்கு ஊதியது, வீட்டுக்குப் போய் உறங்கி மறுநாள் தாமாகவே வந்து கேஜில் ஏறினார்கள். வால்ட்-டெக் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் இரும்புக் கதவுக்கும் பொய் விளம்பரத்துக்கும் அவ்வளவு செலவழித்திருக்காது, சம்பளம் போட்டிருக்கும்.