கணக்கு வராது என்பவர்களுக்கு

கேள்வி: இரண்டு வருடமாக அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்குதான் வராது. அந்த 25 கேள்வியை விட்டுவிட்டு மற்றதில் மார்க்கைப் பிடித்துவிடலாமா? (வாசகி, திருச்செங்கோடு)

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்; 25-க்கு முப்பத்தேழரை. ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவுகிற பரீட்சையில் இதை விட்டுக்கொடுப்பது, மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புவது மாதிரி. பொது அறிவுக்குக் கரை கிடையாது. கணக்குக்கு உண்டு: சுருக்குதல், சதவீதம், மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, வேலையும் நாளும், கொஞ்சம் புதிர். எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம்தான்.

கேள்வி: சூத்திரமெல்லாம் நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்தேன். ஹாலில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. என்ன வழி? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: நோட்டை மூடிவிட்டு ஒரு கணக்கைக் கதையாகப் படியுங்கள். 8,000 ரூபாய், 5 சதவீதம், 2 வருடம். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? முதல் வருட வட்டி 400. தனிவட்டியில் அந்த 400 சும்மா கிடக்கும். கூட்டுவட்டியில் அதுவும் அடுத்த வருடம் குட்டி போடும். 400-க்கு 5 சதவீதம் 20 ரூபாய். அதுதான் விடை. கந்துவட்டிக்குக் கடன் வாங்கிய எந்தக் குடும்பத்துக்கும் இது சொல்லாமலே புரியும்.

இன்னொன்று. அண்ணன் 10 நாளில் முடிக்கிற வேலையைத் தம்பி 15 நாளில் முடிப்பான், சேர்ந்து செய்தால்? கூட்டி இரண்டால் வகுத்துப் பன்னிரண்டரை என்று எழுதுகிறவர்கள் நிறைய. தம்பி கைகொடுக்க வந்ததால் அண்ணனுக்கு இரண்டரை நாள் கூடுமா? வேலையை 30 கூடை மண் என்று வைத்துக்கொள்ளுங்கள் (10-க்கும் 15-க்கும் மீ.சி.ம. 30). அண்ணன் நாளுக்கு 3 கூடை, தம்பி 2 கூடை. சேர்ந்து 5. ஆக, 6 நாள். மண்ணும் கூடையும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் பாதகமில்லை.

கேள்வி: பேத்தி வங்கித் தேர்வுக்குச் சதவீதக் கணக்குப் போடத் திணறுகிறாள். என் அப்பா சொல்லிக்கொடுத்த கீழ்வாய் இலக்கம் (அந்தக் காலப் பின்னக் கணக்கு) எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது அவளுக்கு உதவுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐயா, இன்று ராத்திரியே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். கால் என்றால் 25 சதவீதம். அதில் அரை, அரைக்கால்: பன்னிரண்டரை. பெயரிலேயே வழி இருக்கிறது. இருபதில் ஒன்று மா, அதாவது 5 சதவீதம். எண்பதில் ஒன்று காணி, 1.25 சதவீதம். இரண்டையும் கூட்டினால் மாகாணி: 6.25 சதவீதம், பதினாறில் ஒன்று. 640-ல் 6.25 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் அவள் பேனாவைத் தேடுவாள். ‘640-ல் மாகாணி’ என்று கேளுங்கள். 40 என்று வாயில் வரும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி வாய்பாட்டைப் பாடியே இதையெல்லாம் கற்றார்கள். வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 35 கணக்குக்கு 20 நிமிடம்தான். ஒன்றுக்கு முழுசாக 35 விநாடிகூடக் கிடையாது. உங்கள் சொத்தில் முதலில் இதைப் பேத்திக்கு எழுதிவையுங்கள்.

கேள்வி: தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா? (வாசகர், தேனி)

பதில்: குரூப் 4-ல் தப்பான விடைக்குப் பிடித்தம் இல்லை, ஒரு கேள்வியையும் நிரப்பாமல் விடாதீர்கள். வங்கித் தேர்வில் ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும்; அங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோச்சிங் சேரப் பணமில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டிலிருந்தே கணக்கில் தேற முடியுமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: முடியும். ஆறு முதல் பத்து வரைக்குமான பள்ளிக் கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையைக் கையால் மறைத்து, நீங்களே போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். தினம் பத்துக் கணக்கு போதும், ஆனால் தினம். தப்பானதை மறுநாள் காலையில் முதல் வேலையாகத் திரும்பப் போடுங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்திலேயே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். இந்த வாரமே போய் விசாரித்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.