காட்டெருமை வந்தது சரி, கேட்டைத் திறந்தது யாரு?

பேராண்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல களவாணித்தனம் பண்றதுன்னு முடிவு கட்டிட்டா, அதையாவது லட்சணமாப் பண்ணுடா. கோடை சீசன், ஒண்டிக்கடையில இருந்து ஏரி வரைக்கும் கார் வரிசை கட்டி நிக்குது. ரூம் கேட்டு வர்ற குடும்பத்தை வாசல்ல நிக்கவெச்சிட்டு நீ லாட்ஜ் மேஜையில கார் ரேஸ் ஓட்டுறே. முதலாளி சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வர்றதுக்குள்ள கேமை அழிச்சாச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணியாச்சுன்னு என்கிட்ட வந்து நெஞ்சை நிமித்துறே. பலே. உன் அக்கா காதுல இது விழுந்தா சிரிச்சே புரையேறிடும் அவளுக்கு.

அவ சென்னையில தடய அறிவியல் படிக்கிறவ. லீவுல வந்தா அடுப்படியில உக்காந்து எனக்குக் கதை கதையாச் சொல்லுவா. எஸ்டேட் ரைட்டரா செக்ரோல் எழுதியே கூன் விழுந்தவன் நான். எவன் வந்தான், எத்தனை மணிக்கு வந்தான்னு எழுதிவெக்கிற சங்கதி எனக்கா புரியாது?

மொதல்ல, அழிச்சுட்டேன்னு சொன்னியே, அதைப் பாப்போம். நீ அழிச்சது கேமை. நீ ஆடினதை இல்லை. சி டிரைவ்ல விண்டோஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பிரிஃபெட்ச்னு இன்னொண்ணு இருக்கு. எக்ஸ்பி வந்த 2001ல இருந்தே அது உண்டு. உன்னை வேவு பாக்க வெச்சதில்லை அது, சோம்பேறித்தனத்துக்கு வெச்சது. ஒரு புரோகிராம் கிளம்புற மொத பத்து செகண்டுல எந்தெந்த ஃபைலைத் தேடி எடுக்குதுன்னு விண்டோஸ் கவனிச்சுக் குறிச்சுக்கும். அடுத்த தடவை அலையாம சட்டுனு எடுத்துக் குடுக்கத்தான். அந்தக் குறிப்புச் சீட்டுல உன் கேமோட பேரு பெரிய எழுத்துல இருக்கும், பக்கத்துல ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால எட்டு எழுத்து. உள்ள பிரிச்சா எத்தனை தடவை ஓட்டினேங்கிற கணக்கு. விண்டோஸ் 8ல இருந்து, கடைசி எட்டுத் தடவை ஓட்டின தேதியும் நேரமும் சேத்து.

கோட்டுக்குப் பின்னால அந்த எட்டு எழுத்து எதுக்குன்னு கேக்க மாட்டியா? புரோகிராம் எந்த இடத்துல இருந்து ஓடுச்சோ அந்த வழியை வெச்சுப் பிசைஞ்சு எடுத்தது அது. டெஸ்க்டாப்ல வெச்சு ஓட்டினா ஒரு சீட்டு, பென் டிரைவ்ல வெச்சு ஓட்டினா வேற சீட்டு. பென் டிரைவைக் கழட்டி ஜோப்புல போட்டுக்கிட்டு நீ வீட்டுக்கு வந்துடலாம், சீட்டு அங்கயேதான் கிடக்கும். இப்படி 1,024 சீட்டு வரைக்கும் சேத்துவெக்கும். விண்டோஸ் 7 வரைக்கும் 128தான். அந்தக் காலத்துல பொறந்திருந்தா உனக்குக் கொஞ்சம் யோகம் இருந்திருக்கும்.

சரி, பேரை மாத்துறேங்கிறியா? கேமுக்கு 'ரூம் கணக்கு'ன்னு பேர் வெச்சா முதலாளி மெச்சிக்குவாருன்னு நினைப்பு. தாராளமா மாத்து. ஆம்கேஷ்னு ஒரு பதிவேடு இருக்கு. பேரோட நிக்காம, ஃபைலோட உள்ளடக்கத்தை அரைச்சு நாப்பது எழுத்துல ஒரு கைரேகையும் எடுத்துவெக்கும், எஸ்எச்ஏ-1னு. மீசை வெச்சுக்கிட்டா ரேகை மாறுமா?

துடைக்கிற சாஃப்ட்வேர் போட்டு மொத்தமாத் துடைச்சுடுறேன்னு அடுத்துச் சொல்லுவே. அதையும் பண்ணு. துடைக்க வந்த சாஃப்ட்வேரும் ஒரு புரோகிராம்தானேடா! அது வந்த நேரமும் எங்கயாவது ஒரு மூலையில பதிஞ்சிருக்கும். லாட்ஜ் மேஜைக் கம்ப்யூட்டரை மத்தியானம் மூணு மணிக்கு அப்படி என்னத்துக்குத் துடைச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவே, தூசியா? கடிகாரத்தைத் திருப்பிவெச்சு ஏமாத்தலாம்னா, நேரத்தை மாத்தினதுக்குன்னே நிகழ்வுப் பதிவேட்டுல தனியா ஒரு வரி விழும்.

இன்னொரு வேடிக்கை, யூசர்அசிஸ்ட். மவுஸைத் தட்டித் திறந்த புரோகிராமை எல்லாம் ஆளுக்கு ஆள் தனிக்கணக்கா எழுதிவெக்குது. எழுதுறதை ரகசியமா வேற எழுதுதாம்: ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தையும் பதிமூணு எழுத்துத் தள்ளி. ஏ போட வேண்டிய இடத்துல என். இத்தனை பெரிய கம்பெனி கண்டுபிடிச்ச ரகசியம் இது. ஆறாங்கிளாஸ் புள்ளைங்க காதல் சீட்டுல இதைவிடக் கெட்டியாப் பூட்டுவாங்க. நெட்டுல எந்தப் புரோகிராம் எத்தனை பைட் அனுப்புச்சு, எத்தனை வாங்குச்சுன்னு எஸ்ஆர்யூஎம்னு ஒண்ணு ஒரு மாசத்துக்குக் குறையாமக் கணக்கு வெச்சிருக்கும். அதைப் பத்தி நீ கவலைப்படாதே, பாட்டுப் படம் இறக்குனது நீயில்லையே.

உனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருக்கு. ஷிம்கேஷ்னு ஒண்ணு, விஷயத்தை நினைவுல வெச்சிருந்து கம்ப்யூட்டரை முறையா அணைக்கிறப்பதான் எழுதும். பிளக்கைப் பிடுங்கிட்டா அன்னிக்குக் கணக்கு போச்சு. அதோட, புது விண்டோஸ்ல அந்தப் பட்டியல்ல ஒரு பேர் இருக்குன்னா அந்த ஃபைல் அங்க இருந்துச்சுன்னுதான் அர்த்தம், ஓடுச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. இருந்ததும் ஓடினதும் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டு வக்கீல்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆளும் இருப்பாங்கன்னு உன் அக்கா சொல்றா.

இனிமேதான் விஷயமே இருக்கு. மஞ்சகுட்டைப் பக்கம் காப்பித் தோட்டத்துல காலையில குளம்புத் தடத்தைப் பாத்தா காட்டெருமை வந்துச்சுன்னு சொல்லிடுவேன். ஒத்தையா கூட்டமா, எந்தப் பக்கம் போச்சு, மழைக்கு முந்தியா பிந்தியா, அதுவும் சொல்லிடுவேன். கேட்டைத் திறந்துவெச்ச புண்ணியவான் யாருன்னு தடம் சொல்லாது. கம்ப்யூட்டர்லயும் அதேதான். ஓடுச்சுங்கிறது தெரியும், யார் பேர்ல லாகின் ஆன நேரம்னும் தெரியும், கை யாரோடதுன்னு தெரியாது. உங்க லாட்ஜ்ல மேனேஜர்ல இருந்து சமையல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டர் அடியில சீட்டுல ஒட்டியிருக்கு. இதை நான் உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

கார் ரேஸோட போனா சிரிச்சுட்டுப் போயிடலாம். திருச்சி மாவட்டம் விரகாலூர்ல பொறந்த ஸ்டான் சாமி பாதிரியாருக்கு அப்படிப் போகலை. ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோட இருந்தவர். பீமா கோரேகாவ் வன்முறை வழக்குல 2020 அக்டோபர் 8ந்தேதி ராஞ்சியில என்.ஐ.ஏ. கைது பண்ணுச்சு. வயசு 83, நடுக்கு வாதம், டம்ளரைப் பிடிக்க முடியாம உறிஞ்சு குழல் கேட்டு மனுப் போட்டவர். 2021 ஜூலை 5ந்தேதி, ஜாமீன் கிடைக்காமலே மும்பை ஆஸ்பத்திரியில போய்ச் சேந்துட்டார். அவர் கம்ப்யூட்டர்ல இருந்துச்சுன்னு சொன்ன ஃபைலுங்கதான் அவர்மேல முக்கியமான சாட்சி.

அந்த ஹார்ட் டிஸ்கோட நகலை அமெரிக்காவுல அர்செனல் கன்சல்டிங்னு ஒரு கம்பெனி சோதிச்சு 2022 டிசம்பர்ல அறிக்கை குடுத்துச்சு. 2014 அக்டோபர்ல இருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வேற எவனோ பூந்திருக்கான், தூரத்துல இருந்தே கம்ப்யூட்டரை ஆட்டிவெக்கிற நெட்வயர்ங்கிற புரோகிராமை ஓட்டியிருக்கான், நாப்பதுக்கு மேல ஃபைலைக் கொண்டாந்து வெச்சிருக்கான்னு சொன்னாங்க. அதுல எதையும் சாமியார் ஒரு தடவைகூடத் திறந்ததுக்கான தடம் இல்லைன்னாங்க. புனே போலீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கினது 2019 ஜூன் 12. அதுக்கு முந்தின நாள், ஜூன் 11, பூந்தவன் உக்காந்து தன் தடத்தை எல்லாம் துடைச்சிருக்கான். போலீஸ் வர்றது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு என்னைக் கேக்காதே, எனக்கும் அதே கேள்விதான்.

அதே வழக்குல ரோனா வில்சன்னு ஒருத்தர். அவர் கம்ப்யூட்டர்ல இருந்தது வேர்டு 2007. அவரை மாட்டிவிட்ட கடிதங்கள்ல சிலது வேர்டு 2010லயோ வேர்டு 2013லயோ தயாரானது, அந்த வேர்டு அங்க ஓடினதுக்கே அடையாளம் இல்லைன்னு அர்செனல் 2021ல சொல்லுச்சு. என்.ஐ.ஏ. இதையெல்லாம் ஒத்துக்கலை. நெட்வயர் வித்த வலைத்தளத்தை 2023 மார்ச்சுல அமெரிக்கா பறிமுதல் பண்ணி, குரோஷியாவுல ஒருத்தனைப் பிடிச்சாங்க. பாதிரியார் அதுக்குள்ள செத்து ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆச்சு.

அதனால உன் முதலாளி ஆத்திரத்துல தானே அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து நோண்டுறதுக்கு முந்தி, அவர்கிட்ட போய்த் தொடாதீங்கன்னு சொல்லு. எட்டு நேரந்தான் அந்தச் சீட்டுல நிக்கும்னேனே? கேம் ஓடுதான்னு பாக்க அவர் ஒரு தடவை தட்டினா ஒரு பழைய நேரம் விழுந்துடும், அவரோட நேரம் ஏறிடும். டிஸ்க்கைக் கழட்டி, அதுல ஒரு எழுத்துகூட ஏறாத மாதிரி கருவி மாட்டி நகல் எடுத்து, அந்த நகலைத்தான் தோண்டணும். 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கிற பாரதிய சாக்‌ஷிய சட்டம் 63ம் பிரிவுப்படி, கோர்ட்டுக்குப் போனா ஹாஷ் மதிப்பு, அதான் முன்ன சொன்ன மாதிரி கைரேகை, எழுதின சான்றிதழும் வெக்கணும். ஒரு கேமுக்கு இத்தனை செலவான்னு அவர் மலைச்சு நின்னா, அந்த இடத்துல நீ தலையைக் குனிஞ்சு ஒத்துக்கோ, சம்பளம் பாதியாவது மிஞ்சும்.

ஆனா ஒண்ணு. பட்டியல்ல ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குச் சீட்டு விளையாட்டு எக்கச்சக்கமா ஓடியிருக்கும். அது உன் கணக்குல வராது, நைட் வாட்ச்மேன் கணக்கு. பாவம், குளிர்ல தனியா உக்காந்திருக்கிற மனுஷன். துணைக்கு யாராவது ஃபிளாஸ்க்குல சுக்குக் காப்பி எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. அதைப் பத்தி முதலாளிகிட்ட நீ வாயைத் திறக்காதே.