கூப்பிடு கென்னடியை!

வைத்தியத்தில் மூக்கை நுழைக்க ஒரு சட்ட வாத்தியாருக்கு என்ன யோக்கியதை? 1980-இல் பிரிட்டிஷ் டாக்டர்கள் இப்படித்தான் கொதித்தார்கள். சட்டப் பேராசிரியர் இயன் கென்னடி, பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளில், நோயாளி விஷயத்தில் நியாய அநியாயத்தை டாக்டர்கள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்று பேசிவிட்டார்.

பதினெட்டு வருஷம் கழித்து அதே ஆளைத்தான் அரசாங்கம் கூப்பிட்டது. பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரியில் இதய ஆபரேஷனுக்குப் போன பிள்ளைகள் ஏன் இப்படிச் செத்தன, விசாரித்துச் சொல்லுங்கள் ஐயா! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தெரியாமலா நடந்தது? மயக்க டாக்டர் ஸ்டீபன் போல்சின் சாவுக் கணக்கை எடுத்து நீட்டினார். சன்மானம், ஆஸ்திரேலியாவுக்குப் பெட்டி கட்டியதுதான். அந்தப் பிரிவுக்கு ‘கொலைக்களம்’ என்று பட்டப்பெயர் இருப்பதை 1992-லேயே ‘பிரைவேட் ஐ’ அச்சிட்டது. கிண்டல் பத்திரிகைக்குத் தெரிந்தது நிர்வாகத்துக்குத் தெரியாதாம்! 1995 ஜனவரியில் ஒன்றரை வயசுப் பையனுக்கு ஆபரேஷன். முந்தின நாள் டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். போல்சின் வேண்டாம் என்றார். சுகாதாரத் துறை அதிகாரி ஒருவரும் தடுத்துப் பார்த்தார். மறுநாள் கத்தி வைத்தார்கள். பிள்ளை மேசையிலேயே போய்விட்டது. அப்படியொரு கூட்டம் நடந்ததைப் பெற்றவர்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

2001 ஜூலையில் அறிக்கை வந்தது, 198 பரிந்துரைகளோடு. 1991 முதல் 1995 வரை, ஒரு வயசு நிரம்பாத பிள்ளைகளில் 30 முதல் 35 பேர் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் செத்திருந்தார்கள். ‘கிளப் கலாசாரம்’ என்று எழுதினார் கென்னடி. மரியாதைக்காரர், நானாயிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன். செத்த பிள்ளைகளின் இதயங்களைப் பெற்றோருக்குச் சொல்லாமல் எடுத்துவைத்த சமாசாரமும் அந்த விசாரணைக் காலத்தில்தான் வெளியே வந்தது. காப்பாற்றத் தெரியாத இதயத்தைப் பத்திரப்படுத்த மட்டும் தெரிந்திருக்கிறது.

அறிக்கையைப் படித்துத் திருந்தினார்களா? இரண்டே வருஷம். 2003-இல் சொலிஹல் மருத்துவமனையின் மார்பகப் புற்றுநோய் சர்ஜன் இயன் பேட்டர்சன்மீது சகாக்களே புகார் சொன்னார்கள். முழுதாக எடுக்க வேண்டிய திசுவை, தோற்றத்துக்காகக் கொஞ்சம் விட்டுவைக்கிறாராம். நிர்வாகம் அவர் கையில் கத்தியை 2011 வரை விட்டுவைத்தது. பிறகு? கூப்பிடு கென்னடியை! 2013-இல் அவர் இன்னொரு அறிக்கை கொடுத்தார். பேட்டர்சன் ஜெயிலுக்குப் போனது 2017-இல். அதன்பின் ஒரு பிஷப்பை உட்காரவைத்து விசாரித்து, 2020-இல் இன்னும் ஓர் அறிக்கை. வாத்தியார் சொல்லிக் கேட்கவில்லை, பிஷப் சொல்லியாவது கேட்பார்களோ என்னவோ. அடுத்த கமிஷனுக்கு நேராகக் கல்லறைக் காவலாளியையே தலைவராக்கிவிடலாம். அவரிடம் கணக்காவது சரியாக இருக்கும்.